மூன்றாவது இறகு

முதல் இறகு வாய்க்கு: ஒரு பகல் முழுக்கப் பேசக்கூடாது.
இரண்டாவது வயிற்றுக்கு: தண்ணீர் மட்டும்.
மூன்றாவது மொத்த உடம்புக்கும்.
விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை
காட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட வேண்டும்.

கழுகு இறகுகள் என்று சொல்லித்தான் கொடுப்போம்.
ராடிமின் அத்தை பண்ணையில் பொறுக்கிய
வாத்து இறகுகள் அவை,
நுனியில் கொஞ்சம் ஷூ பாலிஷ்.

மற்ற நாட்களில் யிஹ்லாவாவில்
மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவள் நான்.
ஜூலையில் மட்டும் என் பெயர் ஆந்தை.
பதினோரு பிள்ளைகள், ஒரு விசில்,
பெற்றோர் கையெழுத்துப் போட்ட பதினோரு தாள்கள்.

விதிகளை எழுதியதும் நான்தான்.
நான்காவதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட:
யார் கூப்பிட்டாலும் வெளியே வராதே.
நாங்கள் ஏமாற்றுவோம். கால் முறிந்ததுபோல் கத்துவோம்.
விசில் ஊதுவோம். உன் அம்மா வந்திருக்கிறாள் என்போம்.
விளையாட்டில்லை, நிஜம் என்போம்.
நம்பாதே.

வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.
அப்போலெனா சிரிக்கவில்லை,
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குக் குளவி கொட்டி க்விடோ ஓடிவந்தான்.
வேட்டைக்காரர்களின் பரண்மேல் தூங்கிப்போன ஹினெக்கை
அவன் குறட்டையே காட்டிக்கொடுத்தது.
மதியத்துக்குள் மீதிப்பேரும் வந்துவிட்டார்கள்,
முட்டியில் பாசி, முகத்தில் வெட்கம்.

(இதைப் பிள்ளைகளிடம் நான் சொன்னதில்லை:
என் பதின்மூன்று வயதில் பதினோராவது மணி நேரத்தில்
தீயில் சாசேஜ் வாட்டும் வாசம் வந்தது.
எழுந்து நேராக வாசத்திடம் போய்விட்டேன்.
மூன்றாவது இறகு என்னிடம் இல்லை.
யாரும் கேட்டதும் இல்லை.)

ஆறு மணிக்குக் காற்று எழுந்தது.

எங்கள் மலைச்சரிவில் ஸ்புரூஸ் மரங்களை
வண்டு தின்று நாலு வருஷமாகிறது.
நின்றபடியே செத்தவை, சாம்பல் நிறம்.
காற்றில் அவை முறிவதில்லை,
வேரோடு சாய்கின்றன,
முதலில் மெதுவாக.

ராடிம் ஓடை வழியே போனான், நான் மேட்டுப் பக்கம்.
அப்போலெனா, என்றேன்.
அப்போலெனா, வெளியே வா, மரம் விழுகிறது.
விசில் ஊதினேன்.
விளையாட்டில்லை, நிஜம், என்று கத்தினேன்.
கத்தி முடிக்கும் முன்பே
அந்த வாக்கியம் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நிஜத்துக்கென்று நான் ஒரு சொல்லையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

சிக்னல் தேடி முகட்டுக்கு ஏறிய ராடிம்
தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டான்.
வண்டி வந்து சேரவும்
எட்டு ஐம்பத்தொன்றுக்குச் சூரியன் இறங்கவும்
அப்போலெனா பெரணிகளுக்குள்ளிருந்து எழுந்து நிற்கவும்
சரியாக இருந்தது.
தலைமுடியெல்லாம் ஸ்புரூஸ் ஊசிகள்.
"யாரும் பார்க்கவில்லைதானே?" என்றாள்.
ஹெல்மெட் போட்ட நாலு ஆண்கள் கைதட்டினார்கள்.

தொப்பியில் இறகைச் செருகும்போது
ஊசி என் விரலில் இரண்டு முறை ஏறியது.

அவள் தூங்கியபின் டார்ச் வெளிச்சத்தில்
நோட்டைத் திறந்தேன். அதுவும் விதிதான்:
பார்த்ததை எழுத வேண்டும்.

6.35 ஆந்தை வந்தாள். பன்னிரண்டு அடி தூரம்.
கத்துகிறாள். விதி நான்கு.
7.10 ஒரு மரம் விழுந்தது. என் பக்கம் இல்லை.
7.15 ஆந்தை மண்டியிட்டு அழுகிறாள்.
நன்றாக நடிக்கிறாள்.
7.20 மூக்கைச் சட்டைக் கையில் துடைக்கிறாள்.
7.22 நடிப்பு இல்லையோ.
7.23 விதி நான்கு.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எழுத்து இல்லை.
பென்சில் முனை ஒரே இடத்தில் அழுந்தி அழுந்தி
மூன்று தாள்களைத் துளைத்திருந்தது.